விமானம் மெலிகிறது

ஓப்பநாயக்க
06.01.2025

திரு. கேதீசன் அவர்களுக்கு,

உங்க நம்பரை ஃபோன்ல தடுத்து வச்சிருக்கேன். அதனால கடிதம். கடிதத்துல ஒரு வசதி. நான் பேசும்போது நீங்க குறுக்க பேச முடியாது.

விமானம் எங்கிட்ட இருக்கு. ரிமோட் உங்ககிட்ட இருக்கு. கரவனெல்ல ஆஸ்பத்திரிக்கு மாத்தலாகிப் போற அவசரத்துல குடையை மறந்துட்டீங்க, சாப்பாட்டுப் பெட்டியை மறந்துட்டீங்க. ரிமோட்டை மட்டும் மறக்காம பேக்குல போட்டுக்கிட்டு பஸ் ஏறிட்டீங்க. ரெண்டு பேரும் சேர்ந்து மீன்பெட்டியோட லேசான வெள்ளை ரெஜிபோமை வெட்டி ஒட்டிச் செஞ்சது. இப்ப ஆளுக்குப் பாதி விமானம்.

சனிக்கிழமை எஸ்டேட் துரை ஆளனுப்பினாரு. வேலை போச்சுன்னு நெனைச்சுத்தான் போனேன். துரை வீட்டம்மா நோனாவோட அந்தூரியப் பூப்பந்தல் வலை மேல விமானம் விழுந்து அப்ப ஆறு நாள்.

துரை சொன்னது: "கம்பெனி சொல்றாங்க, மழையில மேல் மலை வெடிச்சிருக்கு, மேலே இருந்து போட்டோ வேணும். கொழும்பு ஆள் வந்தா கார், ரூம், சாப்பாடு. நம்ம மடுவத்துல ஒரு பொண்ணு மீன்பெட்டி பறக்க விடுது. மூணு மினிட். விழ ஏலாது. கிரவுண்ட் உள்ளேயே இறங்கணும். செஞ்சா மடுவம் விட்டு ஃபீல்ட் ஆபீஸ். விழுந்தா இந்த எஸ்டேட்ல பட்டம்கூட விட ஏலாது. ஹரித?"

ஹரி, சரிதான்னு சொல்லிட்டு வந்துட்டேன். பெப்ரவரி 16, ஞாயித்துக்கிழமை, காலை எட்டு மணி.

ஆறு வருஷமா மடுவத்துக் கொட்டகையில உக்காந்து மத்தவங்க பறிச்ச கொழுந்தை நிறுக்கிறேன். எனக்கு அந்த மலையை மேலேருந்து பார்க்கணும். ரிமோட்டை அனுப்புங்க.

இன்னொண்ணு. விழுந்த அன்னைக்கு, ஆள் கூடுற பெரட்டுக்களத்துல நூறு பேர் முன்னால என்னைப் பார்த்து, "தராசு பிடிக்கத் தெரியாத கை"ன்னு கத்துனீங்க. வேற யாரையாவது சொல்லியிருந்தா அது ஒரு பேச்சு. எனக்கு அதுதான் தொழில். மறுநாள் நிரோஷா கூடையை வச்சுட்டு, "அக்கா, சரியா நிறுங்க. விமானத்தை நிறுத்த மாதிரி நிறுத்துடாதீங்க"ங்கிறா. வரிசை முழுக்க சிரிக்குது.

இப்படிக்கு,
இ. கிருஷ்ணகுமாரி

பி.கு.: உங்க குடையை அம்மா கோழிக்கூட்டு மேல விரிச்சு வச்சிருக்கு.


கரவனெல்ல
09.01.2025

செல்வி கிருஷ்ணகுமாரிக்கு,

கடிதம் கிடைத்தது. துரை தந்த வாய்ப்பு நல்லது. வாழ்த்துக்கள்.

ரிமோட்டை இப்போது அனுப்ப இயலாது. கோபத்தில் சொல்லவில்லை. விமானம் பிழையாக இருக்கிறது. ரிமோட் கிடைத்தால் நீங்கள் அதைப் பறக்க விடுவீர்கள். பறக்க விட்டால் விழும்.

விளக்குகிறேன். விமானத்தின் எடை முழுவதும் ஒரு புள்ளியில் நிற்கும். எங்களுடையதற்கு அது சிறகின் முன் விளிம்பிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் பின்னால். அந்த இடத்தில் சிறகுக்குக் கீழே இரண்டு விரல் கொடுத்துத் தூக்கினால் சமனாக நிற்க வேண்டும். மூக்கு ஒரு சொட்டுக் கீழே பார்த்தால் இன்னும் நல்லது. மூக்குப் பாரம் கூடினால் விமானம் சோம்பேறி. வால் பாரம் கூடினால் அதற்குப் பைத்தியம்.

நவம்பர் 24 அன்று உங்கள் வீட்டு மேசைக்கருகில் நான் அப்படித் தூக்கினேன். நின்றது. தூசி விழுந்தால் சரிந்துவிடும் போல அவ்வளவு சமனாக. அப்போது பற்றரி இருந்த இடத்தில் சிவப்புக் கோடு போட்டேன். பன்னிரண்டு தடவை ஒழுங்காகப் பறந்தது.

பற்றரி கோட்டில் இருந்தால் விமானம் விழாது.
விமானம் விழுந்தது.
ஆகவே பற்றரி கோட்டில் இருக்கவில்லை.
பற்றரியை வைத்தவர் நீங்கள்.

இதில் எந்த வரி பிழை என்று எழுதுங்கள்.

தராசு பற்றிய அந்த வசனத்தை நூறு பேருக்கு முன்னால் சொல்லியிருக்கக் கூடாது. (என் கணக்கில் நாற்பது பேர்.)

குடை கோழிகளுக்கே இருக்கட்டும். இங்கேயும் மழைதான், ஆனால் அவற்றுக்குக் குஞ்சுகள் இருக்கின்றன.

ரிமோட்டை நான் ஒளித்து வைக்கவில்லை. ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை முடிந்து அறைக்கு வந்ததும் அதைப் போட்டு, குச்சியை அசைத்துப் பார்க்கிறேன். ஒன்றும் அசைவதில்லை.

கேதீசன்


ஓப்பநாயக்க
13.01.2025

திரு. கேதீசன் அவர்களுக்கு,

மூணாவது வரி பிழை.

பற்றரி கோட்டுலதான் இருந்துச்சு. நிரோஷா அன்னைக்கு ஃபோன்ல படம் பிடிச்சிருக்கா. பறக்கவிடுறதுக்கு முன்னால மூடியைத் திறந்து நான் உங்ககிட்ட காட்டுறேன். கோடு தெரியுது. பற்றரி தெரியுது. நீங்க தலையாட்டுறதும் தெரியுது.

நேத்து பற்றரியை அதே கோட்டுல வச்சு விரல்ல தூக்கினேன். மூக்கு வானத்தைப் பார்த்து நிமிர்ந்துடுச்சு. விரலைப் பின்னால தள்ளித் தள்ளிப் பார்த்தா, அஞ்சே முக்கால்லதான் சமனா நிக்குது. முக்கால் சென்டிமீட்டர் நகர்ந்திருக்கு. சரி, வால் பாரம். ஒத்துக்கிறேன். ஆனா நான் எதையும் நகர்த்தல.

அப்புறம் நிறுத்தேன். ஃபேக்டரி சாம்பிள் தராசுல, பற்றரியோட. விழுந்ததுல உடைஞ்ச புரொப்பெல்லர் துண்டு ரெண்டையும் சேர்த்து வச்சு. நவம்பர் 24ல 742 கிராம்னு என் கையாலதான் கொப்பியில எழுதியிருக்கேன். இப்ப 718.

தராசு சரியான்னு கேப்பீங்க. கடை உப்புப் பாக்கெட்டை வச்சுப் பார்த்தேன். சரி. இன்னொரு பாக்கெட்டும் வச்சுப் பார்த்தேன். அதுவும் சரி. பக்கத்து வீட்டுப் பாக்கெட்டும் சரி. அம்மா கேக்குது, இந்த வீட்டுல உப்புக்கு என்ன பஞ்சம்னு.

இருபத்துநாலு கிராம் எங்க போச்சு?

நானும் ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு காலையில, பறக்கவிடுறதுக்கு முன்னால, நீங்க திரும்பி நின்னு ரிமோட்டுல என்னமோ அமுக்கிக்கிட்டு இருந்தீங்க. கேட்டதுக்கு "ஒண்டுமில்லை"ன்னீங்க. என்ன அது?

நாளைக்கு பொங்கல். வாழ்த்து சொல்ற அளவுக்கு இன்னும் கோபம் ஆறல. அம்மா சொல்லச் சொல்லுச்சு, அதனால சொல்றேன்.

இ. கிருஷ்ணகுமாரி


கரவனெல்ல
16.01.2025

கிருஷ்ணகுமாரிக்கு,

பொங்கல் வாழ்த்தை அம்மாவுக்குத் திருப்பிச் சொல்லுங்கள். இங்கே தனியாகப் பொங்கினேன். வழிந்தது. அடுப்பு அணைந்தது. மிச்சத்தைச் சோறு என்று சாப்பிட்டேன்.

மூன்றாவது வரியை வாபஸ் வாங்குகிறேன்.

ஆனால் எடை காணாமல் போவதில்லை. இடம் மாறும், அவ்வளவுதான். இருபத்துநான்கு கிராம், மூக்குப் பக்கத்திலிருந்து போயிருக்கிறது. அதனால்தான் வால் பாரம். விழுந்த அதிர்ச்சியில் மோட்டர் ஆணி, காந்தம், பசைக்கட்டி ஏதாவது கழன்றிருக்கும். அந்தூரியப் பந்தலுக்குக் கீழே தேடிப் பாருங்கள். நோனாவிடம் கேட்டுவிட்டு.

ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை நிறுங்கள். ஒரு அளவீட்டை நம்புவதில்லை. ஆய்வுகூடத்திலும் அப்படித்தான். நோயாளி கோபித்தாலும் இரண்டாவது தடவை ஊசி குத்துவோம்.

கேட்ட மற்ற விஷயம் பற்றி

அது முக்கியமில்லை.

கேதீசன்


ஓப்பநாயக்க
20.01.2025

கேதீசன் சாருக்கு,

"கேட்ட மற்ற விஷயம் பற்றி" எழுதிட்டு ஒரு வரி முழுக்க காலியா விட்டிருக்கீங்க. அந்த வரியையும் வாசிச்சேன்.

நோனாகிட்ட கேட்டேன். "ம்" மட்டும் சொன்னாங்க. கையை ஊணி முட்டி போட்டு அந்தூரியத்துக்குக் கீழ ஒரு மணி நேரம். நோனா நாற்காலி போட்டு உக்காந்து பார்த்துக்கிட்டே இருந்தாங்க. கிடைச்சது: ஆணி ஒண்ணு, ஒரு கிராம். அதுவும் நம்மளது இல்ல, துரு பிடிச்சது. செத்த அட்டை ரெண்டு. உசுரோட ஒண்ணு, அது என் கணுக்கால்ல. அப்புறம் ஒரு தங்கத் தோடு. ஆகஸ்ட் மாசம் தொலைஞ்சதாம். அதுக்காக தோட்டக்காரர் இருளாண்டியை அஞ்சு மாசமா முறைச்சுக்கிட்டு இருந்தாங்களாம். எனக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாங்க, பிஸ்கட்டோட. இருளாண்டிக்கு ரெண்டு பிஸ்கட்.

நம்ம இருபத்துநாலு கிராம் மட்டும் இல்ல.

நீங்க சொன்ன மாதிரி இன்னைக்கு திரும்ப நிறுத்தேன். உக்காந்துட்டு வாசிங்க.

715.

ஒரு வாரமா ஆணியில சும்மா தொங்கிக்கிட்டு இருந்துச்சு. யாரும் தொடல. மூணு கிராம் குறைஞ்சிருக்கு. சார், விமானம் மெலியுது.

அம்மாகிட்ட சொன்னேன். அது ஆச்சரியமே படல. "பிள்ளை ஏங்கிப் போச்சு. அந்தத் தம்பி தூக்கி வச்சிக்கிட்டு இருந்துச்சு, இப்ப சொவத்துல மாட்டி வச்சா? அது சாப்பிடாது"ங்குது. பிள்ளைன்னா விமானம்.

பூனை நக்கியிருக்குமோன்னும் பார்த்தேன். மீன்பெட்டிதானே. ஆனா பூனை நக்கினா வால்ல நக்கும். மூக்குல ஏன் நக்கணும்?

27 நாள்தான் இருக்கு.

கிருஷ்ணகுமாரி


கரவனெல்ல
24.01.2025

கிருஷ்ணகுமாரிக்கு,

உங்கள் கடிதத்தை நின்றுகொண்டு வாசித்தேன். பிறகு உட்கார்ந்தேன்.

மூன்று நாட்களாக வேறு யோசனை இல்லை. ஆய்வுகூடத்தில் ஒருவருடைய இரத்தக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு, "715" என்றேன். அந்த மனிதர் பயந்துபோனார்.

யோசித்தவை. ரெஜிபோம் ஈரம் குடித்திருந்து இப்போது காய்கிறதா? ரெஜிபோம் ஈரம் குடிக்காது. மீனின் உப்பா? உப்புப் பறக்காது. பசை காய்ந்து குறைந்ததா? பசை முதல் இரண்டு நாளில் காயும், இரண்டு மாதத்தில் அல்ல. பற்றரியா? மின்சாரம் போனால் எடை போகாது. போகும் என்றால் உலகத்துத் தராசெல்லாம் உடைத்துப் போட வேண்டும்.

ஏக்கம் என்ற உங்கள் அம்மாவின் விளக்கத்தைக் கடைசியில் எழுதி, அடித்துவிட்டேன். பிறகு அடித்ததை அழித்துவிட்டேன். வேறு ஒன்றும் மிஞ்சவில்லை.

பாகம் பாகமாகக் கழற்றி நிறுங்கள். சிறகு தனி. வால் தனி. பற்றரி தனி. மூக்குப் பெட்டி தனி. எது குறைகிறது என்று பிடிபடும். பிடிபட்ட அன்றே ரிமோட்டை முக்தார் நானாவின் மீன் லொறியில் குடுத்து விடுவன். அவர் ஞாயிறும் புதனும் உங்கள் ஊர் வழியாகப் பலாங்கொடைக்கு வாறவர். எங்களுக்குப் பெட்டி தந்த அதே ஆள்தான்.

நீங்கள் அந்தூரியத்துக்குக் கீழே தேடினதை நினைத்தேன். அட்டைக்கு உப்புப் போட்டீர்களா? வீட்டில் மூன்று பாக்கெட் இருக்கிறதே.

கேதீசன்


ஓப்பநாயக்க
29.01.2025

கேதீசன் சாருக்கு,

கண்டுபிடிச்சுட்டேன்.

கழற்றி நிறுக்கிறதுக்கு முன்னாலயே. நேத்து கொழுந்து வாட்டுற மாடிக்கு சீட்டு கொடுக்கப் போனேன். ராத்திரி நூறு கிலோ பரப்புறாங்க. காலையில அம்பத்தஞ்சு கிலோ. யாரும் திருடல. எலி திங்கல. தண்ணி போயிடுச்சு. ஆறு வருஷமா தினம் பார்க்கிறது. அப்பத்தான் உறைச்சது. விமானத்துக்குள்ள பச்சையா ஏதோ ஒண்ணு இருக்கு. அது வாடுது.

வீட்டுக்கு ஓடிவந்து பற்றரியை எடுத்துட்டு மூக்குக்குள்ள விரலை விட்டேன். மோட்டருக்குப் பின்னால, நாம கையே விடாத இடத்துல, பஞ்சு சுத்தி ஒரு சாமான். எடுத்தேன்.

சாமான் இல்லாம விமானம் 701. சாமான் 12.

என்ன சாமான்னு கேக்காதீங்க. யார் வச்சதுன்னும் கேக்காதீங்க. நான் வைக்கல. நீங்க சிரிப்பீங்க. என்னைப் பார்த்துச் சிரிச்சா திருப்பிச் சிரிச்சுக்குவேன். ஆனா என்னைப் பார்த்துச் சிரிக்கமாட்டீங்க. அதான்.

அதுக்குப் பதிலா எவ்வளவு எடை வைக்கணும்னு மட்டும் எழுதுங்க. ரிமோட்டைக் கொடுத்து விடுங்க.

கிருஷ்ணகுமாரி


கரவனெல்ல
01.02.2025

கிருஷ்ணகுமாரிக்கு,

கேட்க வேண்டாம் என்றீர்கள். கேட்கவில்லை. கணக்குத்தான் போட்டேன்.

742 இல் இருந்து 713. ஆவியானது 29 கிராம். மிஞ்சியது 12. ஆகவே முதலில் 41. எழுபது வீதம் தண்ணி. மோட்டருக்குப் பின்னால் உள்ள குழியின் விட்டம் நாலு சென்டிமீட்டர், ஆகவே உருண்டை. ஒரு வீட்டுக்குள் இருந்து வந்தது. பஞ்சு சுற்றி, கவனமாக, அன்போடு வைக்கப்பட்டது.

தேசிக்காய். உங்கள் பேச்சில் எலுமிச்சம்பழம். வைத்தவர் உங்களுடைய அம்மா.

நான் சிரிக்கவில்லை. (ஒருக்காச் சிரிச்சனான். பிறகு நிப்பாட்டினன்.) என்ர முதல் மோட்டார் சைக்கிளுக்கு எங்கட அம்மா நாலு தேசிக்காய் வைச்சவ. சில்லு ரெண்டுதானே எண்டு கேட்டன். "மற்ற ரெண்டும் உனக்கு" எண்டவ.

இனி நான் சொல்ல வேண்டியது இருக்கு.

நவம்பர் 24 விரலில தூக்கேக்க விமானம் தூசிக்குச் சரியிற மாதிரி நின்டது எண்டு எழுதினன். அதில எனக்குப் பெருமை. ஆனால் அந்தச் சமனில 41 கிராம் தேசிக்காயும் இருந்தது, எனக்குத் தெரியாது. அது பச்சையா இருக்கும் வரைக்கும் விமானம் பறந்தது. வாட வாட மூக்கு லேசாகி வால் பாரமானது. உங்கட கை ஒரு பிழையும் செய்யேல்லை. உங்கட தராசும் செய்யேல்லை. ரெண்டும் சேர்ந்துதான் இதைக் கண்டுபிடிச்சது.

அடுத்தது, நீங்கள் கேட்ட "மற்ற விஷயம்".

அண்டைக்குக் காலமை ரிமோட்டில எலிவேட்டரின்ர வீச்சைக் கூட்டினனான். வாலில இருந்து மூக்கை ஏத்தி இறக்கிறது அது. எட்டு மில்லிமீட்டர் அசைஞ்சதைப் பதினாறு ஆக்கினன். என்ர கடைசி நாள். எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கினம். ஆகாயத்தில ஒரு வட்டம் அடிச்சுக் காட்டிப்போட்டுப் போவம் எண்டு ஒரு ஆசை. வால் பாரமான விமானத்துக்கு வீச்சும் ரெண்டு மடங்கு. குச்சியைத் தொட்ட உடன துள்ளினது. எட்டிலயே விட்டிருந்தா இறக்கியிருப்பன்.

விழுந்த உடன எனக்குத் தெரியும். நீங்கள் திரும்பி என்னைப் பாத்தீங்கள். கேக்கப் போறீங்கள் எண்டு நினைச்சு, அதுக்கு முதல் நான் கத்தினன்.

பிழை என்ர.

16ஆம் திகதி எனக்கு வேலை, மாத்தேலாது. நீங்கள்தான் பறக்க விட வேணும். ரிமோட் 9ஆம் திகதி முக்தார் நானாவோட வரும்.

கேதீசன்


ஓப்பநாயக்க
05.02.2025

கேதீசன்,

ரெண்டு நாள் ஒண்ணும் எழுதல. முதல் நாள் கோபத்துல. ரெண்டாவது நாள், கோபம் எங்க போச்சுன்னு தேடிக்கிட்டு.

அப்புறம் கணக்குப் போட்டேன். நீங்க மட்டும்தான் போடணுமா? என்னைத் திட்டினது நூறு பேர் முன்னால. சரி, நாப்பது பேர். உங்க தப்பை ஒத்துக்கிறது எனக்கு மட்டும், ஒட்டுன கவர்ல. தட்டு சமனா இல்ல. வால் பாரம்.

அதனால உங்க கடிதத்தை வெள்ளிக்கிழமை மடுவத்துல, மத்தியானக் கொழுந்து நிறுக்கிறப்ப, சத்தமா வாசிக்கப் போறேன். "அண்டைக்குக் காலமை"யிலருந்து "பிழை என்ர" வரைக்கும். அம்மா சம்பந்தப்பட்டதை வாசிக்கமாட்டேன். உங்களுக்கு ஆட்சேபனை இருந்தா எழுதுங்க. கடிதம் வந்து சேர்றதுக்குள்ள வாசிச்சிருப்பேன்.

இப்ப ஒரு சிக்கல். பழத்துக்குப் பதிலா நட்டும் ஆணியும் 41 கிராம் நிறுத்து, பொட்டலமா கட்டி வச்சேன். அம்மா பார்த்துடுச்சு. "இரும்பை வச்சு பிள்ளையை வெளிய விடுவியா? இரும்பு எமனோட சாமான் இல்லையா?" கதவுக்குக் குறுக்க உக்காந்துடுச்சு. நான் சொன்னேன், அந்தப் பழத்தாலதான் விழுந்துச்சுன்னு. அதுக்கு அது, "பழத்தாலதான் வலை மேல விழுந்துச்சு. இல்லன்னா கல்லு மேல விழுந்திருக்கும்"ங்குது.

 இதுக்கு உங்ககிட்ட பதில் இருந்தா அனுப்புங்க. 11 நாள்.

கிருஷ்ணகுமாரி


கரவனெல்ல
09.02.2025

குமாரி,

வாசித்திருப்பீர்கள். ஆட்சேபனை இல்லை. கேட்டுக்கொண்டு நிற்க வேணும் போல இருந்தது, அவ்வளவுதான்.

அம்மா சொன்னதை வாசிச்சன். யோசிச்சுப் பாத்தன். விமானத்துக்கு மூக்கில 41 கிராம் வேணும். அது இரும்பா தேசிக்காயா எண்டு அது கேக்காது. அம்மா கேப்பா. ஆகவே தேசிக்காய்.

நேற்றுச் சந்தைக்குப் போனன். பஸீஹா அக்காவின்ர மரக்கறித் தட்டில ஒவ்வொண்டா எடுத்து, கொண்டுபோன சின்னத் தராசில வைச்சுப் பாத்தன். முப்பதாவது பழத்தில அவ கேட்டா, "தம்பி, ஊறுகாய்க்கா?" "விமானத்துக்கு" எண்டன்.  அதுக்குப் பிறகு அவ பக்கத்துக் கடைக்காரரோடதான் கதைச்சா.

இதோட வாற பழம் இண்டைக்கு 45 கிராம். ஒரு கிழமையில நாலு கிராம் வாடும். ஞாயிறு காலமை 41 நிக்கும். நீங்கள் எழுதின எடைகளை வைச்சுக் கணக்குப் போட்டிருக்கிறன். வெயிலில வையாதேங்கோ. அம்மா பொட்டு வைச்சால் அந்த எடையையும் சேர்த்து நிறுங்கோ.

மற்றது:

எலிவேட்டர் வீச்சைத் திரும்ப எட்டுக்குக் கொண்டுவந்திட்டன். குச்சியின்ர நடுப்பகுதியையும் கொஞ்சம் மெதுவாக்கியிருக்கிறன். கை நடுங்கினாலும் விமானம் நடுங்காது.

புதுப் புரொப்பெல்லர் பெட்டிக்குள்ள இருக்கு. எழுத்துள்ள பக்கம் முன்னுக்கு. மாறிப் பூட்டினால் சத்தம் மட்டும் போடும், இழுக்காது.

பற்றரி சிவப்புக் கோட்டில. (மன்னிக்கவும்.)

பறக்க விட முதல் விமானத்துக்குப் பின்னால நின்டு குச்சியை வலப்பக்கம் தள்ளிப் பாருங்கோ. வலச் சிறகின்ர தகடு மேல எழும்ப வேணும். முன்னால நின்டு பாக்கக் கூடாது, இடம் வலம் மாறிப் போகும்.

காத்து வாற பக்கம் பாத்து எறியச் சொல்லும் நிரோஷாவை. மோட்டர் முக்கால்வாசி.

மூக்கு நிமிந்தால் பயந்து குச்சியை இழுத்துப் பிடிச்சுக்கொண்டு நிக்காதேயும். விடும். சமனா இருந்தால் அது தானா வரும்.

நான் அண்டைக்கு எட்டு மணிக்கு நூறு குழாய் வரிசையில வைச்சுக்கொண்டு நிப்பன். எட்டு மூண்டு வரைக்கும் ஒண்டையும் தொடமாட்டன்.

கேதீசன்


ஓப்பநாயக்க
17.02.2025

கேதீசன்,

முதல்ல மடுவம். வாசிச்சேன். "பிழை என்ர"ன்னதும் ஒருத்தருக்கும் புரியல. "என்ர என்னா?"ங்கிறாங்க. "தப்பு என்னோடதுன்னு சொல்றாரு"ன்னேன். பின்னால நின்னவங்களுக்குக் கேக்கலயாம். திரும்பச் சொல்லச் சொன்னாங்க. மூணு தடவை சொன்னேன். எனக்கு அலுக்கல. நிரோஷா கூடையை வச்சுட்டு, "நிறுங்க அக்கா, கேக்கமாட்டேன்"னா. வட்டம் அடிக்க ஆசைப்பட்டீங்கன்னதும் கிழவிங்க எல்லாம் "ஐயோ பாவம்"ன்னுட்டாங்க. அதை எதிர்பார்க்கல. திட்டுவாங்கன்னு நெனைச்சேன்.

ரிமோட் வந்து சேர்ந்துச்சு. மூணு நாள் மீன் வாசம். பூனை இப்ப எனக்குப் பின்னாலயே வருது.

ஞாயித்துக்கிழமை காலையில பழத்தை நிறுத்தேன். பொட்டோட. 41. கண்ணைக் கசக்கிட்டு திரும்பப் பார்த்தேன். 41. அதுக்காகத் தலைக்கனம் வேண்டாம். உங்களுக்கும் மூக்குப் பாரமாயிடும்.

மொத்தம் 742. விரல்ல வச்சேன். நின்னுச்சு.

எட்டு மணி. துரை கையில கடிகாரம். நோனா ரெண்டு காதுலயும் தோட்டோட, பந்தலுக்கு முன்னால நின்னுக்கிட்டு இருந்தாங்க, காவல் மாதிரி. நிரோஷா எறிஞ்சா. போச்சு.

முதல் நிமிஷம் எனக்கு ஞாபகமே இல்ல.

ரெண்டாவது நிமிஷத்துல காத்து அடிச்சுச்சு. கிரவுண்ட் ஓரத்துப் பலா மரத்துக்கு மேல மூக்கு நிமிர்ந்துச்சு. அன்னைக்கு மாதிரியே. எல்லாரும் "ஆ"ன்னாங்க. என் கை இழுத்துப் பிடிக்கத்தான் போச்சு. "விடும்"னு எழுதியிருந்தீங்க. விட்டேன். அது ஒரு தரம் யோசிச்சுச்சு. அப்புறம் தானா தலையைக் குனிஞ்சு, கிரவுண்டுக்குள்ள வந்துச்சு.

மூணு நிமிஷம் இருபது செக்கன். இறக்கும்போது புல்லுல வழுக்கிக்கிட்டே போய், அந்தூரியப் பந்தலுக்கு ஒரு முழம் முன்னால நின்னுச்சு. நோனா கண்ணைத் திறக்கல. துரை கடிகாரத்தைப் பார்த்தாரு. விமானத்தைப் பார்த்தாரு. "ஹரி"ன்னாரு. அவ்வளவுதான். மார்ச் முதலாந்தேதியிலருந்து ஃபீல்ட் ஆபீஸ். மேல் மலையைப் படம் எடுக்க கேமரா வாங்கித் தர்றாங்க. அதோட எடையை வச்சு எல்லாம் திரும்ப முதல்லருந்து சமன் பார்க்கணும்.

மாசாமாசம் வேண்டிய சாமான் பட்டியல் எழுதிக் கொடுக்கச் சொன்னாங்க. எழுதினேன். புரொப்பெல்லர் 2. பசை 1. எலுமிச்சம்பழம், பச்சை, 41 கிராம், வாரத்துக்கு 1. ஸ்டோர் சுரேந்திரன் அண்ணன் கூப்பிட்டுக் கேட்டாரு, "இது ஸ்பேர் பார்ட்டா?" ஆமான்னேன். துரை கையெழுத்துப் போட்டுட்டாரு.

உங்க நம்பரைத் திறந்து விட்டுட்டேன். சாதாரண விஷயத்துக்குக் கூப்பிடுங்க. முக்கியமானதை எழுதுங்க.

ரிமோட்டைத் திருப்பி அனுப்பமாட்டேன். வந்து வாங்கிக்கோங்க. குடையை இப்ப எடுக்க முடியாது, கோழி அடை காக்குது. இருபத்தோரு நாள் ஆகும்.

கடைசியா ஒண்ணு. விமானத்தைத் திரும்ப ஆணியில மாட்டினேன். அம்மா பார்த்துட்டு, "பிள்ளை தேறிடுச்சு. நீதான் மெலிஞ்சுட்ட"ன்னுச்சு. நான் நம்பல. இன்னைக்கு மடுவத்துல எல்லாரும் போன பிறகு கொழுந்துத் தராசுல ஏறி நின்னேன். டிசம்பர்ல அம்பத்தொண்ணு. இப்ப நாப்பத்தெட்டரை. ஒரு அளவீட்டை நம்பக்கூடாதுன்னு, இறங்கி திரும்ப ஏறினேன். அதேதான்.

ரெண்டரைக் கிலோ. தராசு சரி. எனக்குள்ள யாரும் பழம் வைக்கல.

கணக்குப் போட்டுப் பார்த்து எழுதுங்க.

குமாரி